வேகப் படகுகளுக்கான எக்ஸாஸ்ட் ஹெடர்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பெட்ரோல் வி8 என்ஜினை உள்ளே வைத்து ஓடும் வேகப் படகுகளுக்கான பக்கம் இது. ஹெடர் என்பது ஒவ்வொரு சிலிண்டரின் புகையையும் தனித்தனிக் குழாயில் வெளியே எடுத்து ஒன்றுசேர்க்கும் குழாய்த் தொகுதி. அரிசோனா–கலிஃபோர்னியா எல்லையிலுள்ள ஹவாசு ஏரி, மிசூரியின் ஓசார்க்ஸ் ஏரி, ஃபுளோரிடாக் கடலோரம் ஆகிய இடங்களில் அதிகம் ஓடும் செவ்ரோலே பிக் பிளாக் (பெரிய உடல் வி8) என்ஜின்களை வைத்தே எண்களைத் தந்திருக்கிறோம். 454 கன அங்குலம் என்பது 7.4 லிட்டர், 502 என்பது 8.2 லிட்டர். மற்ற என்ஜின்களுக்கு அளவு மாறும், காரணங்கள் மாறாது.

காருக்கான ஹெடரையே படகில் மாட்டினால் என்ன?

மூடிய என்ஜின் அறை உள்ள படகில் மாட்டவே கூடாது. கார் ஓடும்போது ஹெடர் மீது காற்று அடித்துக்கொண்டே இருக்கும். படகின் என்ஜின் ஒரு பெட்டிக்குள் உட்கார்ந்திருக்கிறது. அடியில் பில்ஜ் (கசிவுகள் தேங்கும் படகின் அடிப்பள்ளம்), பக்கத்தில் பெட்ரோல் லைன். காரில் முழு த்ராட்டில் என்பது சில வினாடி; படகில் அது நிமிடக்கணக்கில் நீடிக்கும். முழுச் சுமையில் உலர்ந்த ஹெடர் குழாயின் வெளிப்புறமே 500 டிகிரி செல்சியஸைத் தாண்டும். பெட்ரோல் ஆவி 250–280 டிகிரி சூட்டில் தீப்பொறி இல்லாமலே பற்றிக்கொள்ளும். ஆகவே மூடிய அறைக்கு ஒரே வழி, சுற்றிலும் தண்ணீர் உறை கொண்ட ஹெடர். உலர்ந்த ஹெடர்கள் என்ஜின் திறந்தவெளியில் நிற்கும் ஜெட் படகுகளுக்கும் டிராக் படகுகளுக்கும் உரியவை.

சாதாரண வார்ப்பிரும்பு மேனிஃபோல்டை விட ஹெடர் எதனால் மேல்?

செவ்ரோலே வி8-இன் எரிப்பு வரிசை 1-8-4-3-6-5-7-2. இடப்பக்கத்தில் 1, 3, 5, 7. வலப்பக்கத்தில் 2, 4, 6, 8. வரிசையைப் பாருங்கள்: 5-ம் 7-ம் ஒரே பக்கத்தில், அடுத்தடுத்து, 90 டிகிரி கிராங்க் இடைவெளியில் எரிகின்றன. வலப்பக்கத்தில் 8-ம் 4-ம் அதேபோல. மேனிஃபோல்டு ஒரே நீளக் குழாயாக இருந்தால், 5-வது சிலிண்டர் தன் புகையைத் தள்ளி முடிப்பதற்குள் 7-வது சிலிண்டரின் அழுத்த அலை அதன் வால்வு வாசலுக்கு வந்துவிடும். பழைய புகை சிலிண்டருக்குள்ளேயே தங்கும். புதுக் கலவைக்கு இடம் குறையும். ஹெடரில் ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனிக் குழாய் இருப்பதால் அந்த மோதல் கலெக்டர் (குழாய்கள் ஒன்றுசேரும் இடம்) வரை தள்ளிப்போகிறது.

ஆனால் கேம் (வால்வுகளைத் திறக்கும் தண்டு), ஹெட் (வால்வுகள் உள்ள சிலிண்டர் மூடி), இன்டேக் (காற்று உள்ளே போகும் பாதை) எல்லாம் ஸ்டாக்காக, அதாவது தொழிற்சாலையில் வந்தபடியே, இருந்தால் ஹெடரால் மட்டும் வரும் வித்தியாசம் சிறிது. கேமும் ஹெட்டும் மாற்றியவர்களுக்கே போட்ட பணம் திரும்பும். எடை குறைவது மட்டும் எல்லாருக்கும் உடனே கிடைக்கும் லாபம். இரட்டை என்ஜின் படகில் பின்புறம் இலேசாவது கையில் தெரியும்.

என்னென்ன வகை உண்டு?

புகையோடு தண்ணீர் எங்கே சேர்கிறது என்பதை வைத்துப் பிரிப்பதுதான் பயனுள்ள பிரிவு.

முதல் வகையில் ஹெடருக்கு உறை உண்டு, தண்ணீர் ரைசர் (புகையை மேலே ஏற்றி இறக்கும் வளைகுழாய்) முனையிலேயே புகையோடு கலந்துவிடும். விலை குறைவு, சத்தம் குறைவு. ஆனால் தண்ணீர் சேரும் இடம் வால்வுக்கு மிக அருகில். இரண்டாவது வகையில் ஹெடரும் டெயில் பைப்பும் (புகையைப் படகின் பின்னால் கொண்டுபோகும் குழாய்) முழுக்க உறை போட்டவை. தண்ணீர் உறைக்குள்ளேயே ஓடி, டெயில் பைப்பின் கடைசியில், டிரான்சத்துக்கு (படகின் பின்சுவர்) பக்கத்தில்தான் புகையைச் சந்திக்கும். உட்புறம் நெடுக உலர்ந்திருப்பதால் இதை உலர் டெயில் பைப் என்பார்கள். பெரிய கேம் போட்ட என்ஜினுக்கு இதுதான் சரி. மூன்றாவது வகை முழு உலர் ஹெடர். அதைப் பற்றி மேலே சொல்லிவிட்டோம்.

குழாயின் விட்டம் எவ்வளவு வேண்டும்?

ஸ்மால் பிளாக்குக்கு (சிறிய உடல் வி8) பெரும்பாலும் 1¾ அங்குலம் போதும். 454, 502 என்ஜின்களில் 450–600 குதிரைத்திறன் வரை 2 அங்குலம். அதற்கு மேல், சூப்பர்சார்ஜர் இருந்தால், 2⅛ முதல் 2¼ வரை. கலெக்டரும் டெயில் பைப்பும் பிக் பிளாக்கில் பொதுவாக 4 அங்குலம்.

பெரிது நல்லது என்று எண்ணி 500 குதிரைத்திறன் என்ஜினுக்கு 2¼ வாங்குவது அடிக்கடி நடக்கும் தவறு. குழாய் பெருத்தால் புகையின் வேகம் குறையும். நடு ஆர்பிஎம்மில் இழுவை குறையும். படகு மூக்கைத் தாழ்த்திப் பிளேனிங்குக்கு (நீரின் மேல் சறுக்கி ஓடும் நிலை) ஏறுவது அந்த 3000–4000 ஆர்பிஎம்மில்தான். வேகம் குறைந்த புகை, எதிர்த்து வரும் தண்ணீர்த் துளியைத் தள்ளவும் பலமில்லாதது.

304, 316எல், 321, அலுமினியம்: எதை வாங்குவது?

நல்ல எவர்சில்வர் பாத்திரம் செய்யும் அதே 304 தகடு நன்னீர் ஏரிக்குப் போதும். கடலுக்கு 316எல். அதில் 2–3 சதவீதம் மாலிப்டினம் இருக்கிறது. உப்பிலுள்ள குளோரைடு புள்ளிப் புள்ளியாக அரிப்பதை அது தாமதப்படுத்தும். தாமதப்படுத்தும், அவ்வளவுதான், நிறுத்தாது.

அந்த ‘எல்’ என்ற எழுத்தைப் பலர் கவனிப்பதில்லை. கார்பன் 0.03 சதவீதத்துக்கு மேல் போகாது என்று அதற்குப் பொருள். வெல்டு செய்யும்போது ஓரங்கள் 450–850 டிகிரி சூட்டில் கிடந்தால், கார்பன் குரோமியத்தைப் பிடித்துக்கொண்டு உலோக மணிகளின் எல்லையில் போய் உட்காரும். குரோமியம் இழந்த அந்த எல்லையில்தான் பிறகு துரு நுழையும். வெல்டுக்கு இரு புறமும் அரை விரல் தள்ளி, வெல்டுக்கு இணையாகவே ஒரு பழுப்புக் கோடு ஓடுகிறது என்றால் அது இந்த வேலைதான். டைட்டேனியம் கலந்த 321 இதே சிக்கலுக்கு வேறு வழியில் தீர்வு. உலர்ந்து சூடேறும் பகுதிகளுக்கு அது பொருத்தம், உப்புத் தண்ணீர் ஓடும் உறைக்கு 316எல்-தான்.

அலுமினிய வார்ப்பு மேனிஃபோல்டுகள் இலேசானவை. நன்னீரில் நன்றாக உழைக்கும். கடல்நீரை நேரடியாக ஓடவிட்டால் உள்ளிருந்து மாவாக உதிரும்.

ஆர்டர் கொடுக்குமுன் எதையெல்லாம் அளக்க வேண்டும்?

ஹெட்டின் எக்ஸாஸ்ட் வாசல் உயரத்தை முதலில். சந்தையில் கிடைக்கும் பல ரேஸிங் ஹெட்களில் அந்த வாசல் ஸ்டாக்கை விட மேலே தூக்கப்பட்டிருக்கும். கால் அங்குலம் மேலே போனாலும் டெயில் பைப் டிரான்சம் துளைக்கு நேராக வராது. பிறகு ஃபிளாஞ்சிலிருந்து (ஹெட்டோடு போல்ட் போடும் தட்டை விளிம்பு) ஸ்ட்ரிங்கர் (படகின் அடியில் நீளவாக்கில் ஓடும் தாங்குசட்டம்) வரை இடைவெளி, இரட்டை என்ஜின் என்றால் இரண்டுக்கும் நடுவிலுள்ள இடம், ஸ்டார்ட்டர், ஆயில் அளவுகோல் குழாய், என்ஜின் மவுன்ட். கடைசியாக ஒரு சோதனை: ஸ்பார்க் பிளக் சாக்கெட்டும் கையும் ஒவ்வொரு பிளக்கையும் எட்டுமா? படகில் நின்று பிளக் கழற்ற முடியாத ஹெடரை வாங்கினால் ஒவ்வொரு முறையும் ஹெடரையே கழற்ற நேரிடும்.

பெரிய கேம் போட்டிருக்கிறேன். தண்ணீர் உள்ளே இழுக்கும் என்கிறார்களே, எப்படி?

இந்தப் பக்கத்தில் மிகக் கவனமாகப் படிக்க வேண்டிய பதில் இது. ஹெடர் மாற்றிய என்ஜின்கள் கெடுவதற்கு நாங்கள் அதிகம் காணும் காரணம் குதிரைத்திறன் சம்பந்தப்பட்டதல்ல. தண்ணீர் போகக் கூடாத இடத்துக்குப் போவதுதான்.

எக்ஸாஸ்ட் வால்வு மூடி முடிவதற்குள் இன்டேக் வால்வு திறக்க ஆரம்பிக்கும். இரண்டும் சேர்ந்து திறந்திருக்கும் அந்த நேரம்தான் ஓவர்லாப். ஐடிலில் இன்டேக் மேனிஃபோல்டில் வெற்றிடம் இருக்கிறது. ஓவர்லாப் நீண்டால் அந்த வெற்றிடம் சிலிண்டர் வழியாக எக்ஸாஸ்ட் குழாயையே உறிஞ்சும். புகை பின்னோக்கி நகரும். அதில் மிதக்கும் தண்ணீர்த் துளியும் கூடவே வரும். ஒரு சுற்றில் வருவது கண்ணுக்குத் தெரியாத அளவு. ஆனால் 700 ஆர்பிஎம்மில் அரை மணி நேரம் நோ-வேக் பகுதியில் (அலை எழுப்பாமல் மெல்லப் போக வேண்டிய இடம்) ஊர்ந்து போனால் அது சேர்ந்துவிடும்.

கேமின் லோப் இடைக்கோணம் (இன்டேக், எக்ஸாஸ்ட் மேடுகளுக்கு நடுவிலுள்ள கோணம்; குறைந்தால் ஓவர்லாப் கூடும்) 112–114 டிகிரி இருந்தால், ரைசரில் தண்ணீர் கலக்கும் வகையும் பெரும்பாலும் தாங்கும். 110-க்குக் கீழே போனால், அல்லது 0.050 அங்குல லிஃப்டில் அளந்த, வால்வு திறந்திருக்கும் கால அளவு 240 டிகிரியைத் தாண்டினால், உலர் டெயில் பைப் இல்லாமல் ஓட்டாதீர்கள். காருக்கு அரைத்த கேமைப் படகில் போடுவதன் ஆபத்தும் இதுவே. அவற்றில் இடைக்கோணம் 106, 108 என்று வருவது சாதாரணம்.

இரண்டாவது வழி ஒன்று இருக்கிறது, அதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாகப் பிறக்கும். குளிர்ந்த ஏரி நீர் உறையில் ஓட, என்ஜின் ஐடிலில் நின்றால், அந்த ஆவி குழாயின் உள்சுவரில் வியர்க்கும். கேம் எவ்வளவு சாதுவாக இருந்தாலும் இது நடக்கும். குழாய் வால்வை நோக்கிச் சரிந்திருந்தால் நேரே வால்வு இருக்கையில் போய்த் தேங்கும். தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிவது, தேவைக்கு மேல் ஹெடரைக் குளிர்விப்பது, நிறுத்தி வைத்த படகை ஐடிலில் நெடுநேரம் சூடாக்குவது, மூன்றும் இதைக் கூட்டும்.

மூன்றாவது, வேகத்தில் போகும்போது த்ராட்டிலைச் சட்டென்று மூடுவது. படகு அமரும், பின்னால் துரத்தி வந்த அலை டிரான்சத்தில் ஏறி டெயில் பைப்புக்குள் நுழையும். அதற்காகவே முனைகளில் ரப்பர் அல்லது சிலிகோன் மடிப்புகள் இருக்கின்றன. குளிர்விக்கும் தண்ணீர் குறைவாக ஓடிய நாளில் அவை கருகிவிடும். மாதம் ஒரு முறை விரலால் தூக்கிப் பாருங்கள்.

தண்ணீர் எவ்வளவு தூரம் ஏறுகிறது என்று பார்க்க வழி உண்டா?

உண்டு, செலவும் இல்லை. என்ஜின் ஆறியிருக்கும்போது டெயில் பைப்பைப் பிரித்து உள்சுவரைத் துடைத்துக் காயவிடுங்கள். தண்ணீரில் கரையும் சுண்ணக்கட்டியால், தண்ணீர் சேரும் இடத்திலிருந்து ரைசரின் உச்சி வரை குழாயின் அடியிலும் பக்கங்களிலும் நீளக் கோடுகள் போடுங்கள். மீண்டும் மாட்டி, துறையில் கட்டியபடியே 15 நிமிடம் ஐடிலில் ஓடவிடுங்கள். முழுவதும் கியர் போடாமல். பிரித்துப் பாருங்கள். முனையில் மட்டும் அழிந்திருந்தால் சரி. ரைசரின் உச்சிக்கு ஒரு சாண் தூரம் வரை கோடு கழுவப்பட்டிருந்தால் அந்த ஹெடரும் அந்தக் கேமும் சேராது. உச்சியைத் தாண்டிச் சொட்டுச் சொட்டாகப் புள்ளி விழுந்திருந்தால் படகை அன்றே நிறுத்துங்கள்.

ரைசரின் உயரம் எவ்வளவு இருக்க வேண்டும்?

படகு அசையாமல் நிற்கும்போது நீர்மட்டத்திலிருந்து ரைசரின் உச்சி குறைந்தது 12–13 அங்குலம் மேலே. டேங்க் நிரம்ப எரிபொருள், பின் இருக்கையில் ஆட்கள், ஐஸ் பெட்டி, எல்லாம் ஏற்றிய பிறகு அளக்க வேண்டும். டிரெய்லரில் அளந்தது செல்லாது. குறைந்தால் 3 அல்லது 6 அங்குல ரைசர் இணைப்பு போட்டு உயர்த்தலாம். மூடி இடிக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

ஹெடருக்குத் தண்ணீர் எப்படிக் கொடுக்க வேண்டும்?

எப்போதும் கீழிருந்து மேலே. மேலிருந்து கொடுத்தால் உறையின் உச்சியில் காற்று சிக்கிக்கொள்ளும். காற்று இருக்கும் இடத்தில் உலோகம் சிவக்கும். தெர்மோஸ்டாட் மூடியிருக்கும் முதல் சில நிமிடத்திலும் ஹெடருக்குத் தண்ணீர் போக பைபாஸ் இருக்க வேண்டும். துளையிட்ட தெர்மோஸ்டாட்டை மட்டும் நம்பாதீர்கள்.

அழுத்தத்தையும் பாருங்கள். மணிக்கு 70 மைல் வேகத்தில் நீர் உள்வாங்கும் வாய் தண்ணீரை இடித்துத் தள்ளும். பம்பும் முழு வேகத்தில் சுற்றும். மெல்லிய தகட்டு உறை அதைத் தாங்கும் அளவு தயாரிப்பாளரின் தாளில் இருக்கும். ஹெடர் நுழைவில் ஒரு அழுத்தமானியும், மிகையை வெளியே தள்ளும் ரிலீஃப் வால்வும் வையுங்கள். ஜெட் படகில் தண்ணீர் நேரே ஜெட் பம்பின் கிண்ணத்திலிருந்து வருவதால் அங்கே கட்டுப்பாட்டு வால்வு இல்லாமல் என்ஜினோடு இணைக்கவே கூடாது.

இரு பக்கத்துக்கும் குழாய் நீளம் சமமாக இருக்கட்டும். ஒரு பக்கம் நீண்டு வளைந்தால் அந்தப் பக்கம் எப்போதும் சூடாகவே ஓடும்.

மாட்டும் முறை?

ஃபிளாஞ்சின் மேல் நேர்விளிம்புச் சட்டத்தை வைத்து ஃபீலர் கேஜை நுழைத்துப் பாருங்கள். 0.15 மி.மீ தகடு நுழைந்தால் மாட்ட வேண்டாம், மில்லிங் கொடுங்கள். புதிய ஹெடரிலும் இது நடக்கிறது, வெல்டு இழுத்திருக்கும்.

காஸ்கெட் பல அடுக்கு எஃகு அல்லது எஃகுத் தகடு பதித்த கிராஃபைட். அலுமினிய ஹெட்டும் உப்புத் தண்ணீரும் சேரும் இடத்தில் செம்புக் காஸ்கெட் வேண்டாம். செம்பு பிழைக்கும், அலுமினியம் போகும். சிலிகோன் பசை பூச வேண்டாம்.

⅜ அங்குல போல்ட்டுகளுக்கு நிக்கல் ஆன்டி-சீஸ் தடவுங்கள். ஸ்டெயின்லெஸ் போல்ட் உலர்ந்து போனால் மரையில் பிடித்து அறுந்துவிடும். எல்லாவற்றையும் கையால் ஏற்றிய பிறகு, நடுவிலிருந்து இரு ஓரங்களை நோக்கி, மூன்று சுற்றாக: 10, பிறகு 20, பிறகு 25–28 அடி-பவுண்டு. கடைசி எண் நியூட்டன்-மீட்டரில் 34–38. ஒரு முறை சூடாக்கி, முழுதாக ஆறிய பின் மீண்டும் பாருங்கள். 5 மணி நேரம் ஓடிய பின் ஒரு முறை, 10 மணி நேரத்தில் இன்னொரு முறை.

டெயில் பைப்பைத் தாங்கும் கொக்கி என்ஜினோடுதான் இணைய வேண்டும், படகின் உடம்போடு அல்ல. என்ஜின் மவுன்ட்டில் ஆடும், படகு ஆடாது. இடையில் சிக்கிய ஹெடரின் ஃபிளாஞ்ச் வெல்டு விரிசல் விடும். டெயில் பைப்புக்கும் டிரான்சத்துக்கும் நடுவே எஸ்ஏஇ ஜே2006 தர ஹோஸ் அல்லது சிலிகோன் ஹோஸ். ஒவ்வொரு முனையிலும் இரண்டு டி-போல்ட் கிளாம்ப்.

ட்யூனிங் மாற்ற வேண்டுமா? ஆக்சிஜன் சென்சரை எங்கே வைப்பது?

மாற்ற வேண்டும். காற்று கூடுதலாகப் போகிறது. எரிபொருள் அதற்கேற்ப ஏறாவிட்டால் கலவை மெலியும். முழுச் சுமையில் சாதாரண என்ஜினுக்குக் காற்று-எரிபொருள் விகிதம் 12.5–12.8, சூப்பர்சார்ஜர் இருந்தால் 11.5–11.8 பாதுகாப்பானது. காரில் தாங்கும் மெலிந்த கலவை படகில் பிஸ்டனைத் துளைக்கும்.

சென்சர் தண்ணீர் சேரும் இடத்துக்கு நன்றாக முன்னால், உலர்ந்த பகுதியில், கிடைமட்டத்துக்கு 10 டிகிரியாவது மேலே சாய்ந்து இருக்கட்டும். ஒரு சொட்டு பட்டாலும் உள்ளிருக்கும் பீங்கான் வெடிக்கும். புகை வெப்பநிலைப் புரோப் வைப்பதென்றால் ஒவ்வொரு குழாயிலும் ஃபிளாஞ்சிலிருந்து ஒரே தூரத்தில்; தூரம் மாறினால் எண்களை ஒப்பிட முடியாது.

கடலில் ஓட்டிய பின் எப்படிக் கழுவுவது?

அன்றே, 10–15 நிமிடம், தெர்மோஸ்டாட் திறக்கும் வரை. மூடியிருந்தால் பாதி வழி உப்போடுதான் இருக்கும். 1500 ஆர்பிஎம்மைத் தாண்ட வேண்டாம். தோட்டக் குழாய் தருவதை விட அதிகமாகப் பம்ப் இழுத்தால் ஹோஸ் சப்பையாகும்.

வரிசை முக்கியம். குழாயைப் பம்புக்கு முன்னால் இணைத்திருந்தால் முதலில் தண்ணீர், பிறகு என்ஜின்; இல்லாவிட்டால் இம்பெல்லர் (பம்புக்குள் சுற்றும் ரப்பர் இறகுச் சக்கரம்) எரியும். பம்பைத் தாண்டி நேரே என்ஜினுக்குள் இணைத்திருந்தால் முதலில் என்ஜின், உடனே தண்ணீர். இப்படி இணைத்திருந்தால், முடிக்கும்போது முதலில் தண்ணீரை மூடி, உடனே என்ஜினை நிறுத்துங்கள். நின்ற என்ஜினில் தண்ணீர் ஓடினால் புகை அதைத் தள்ளாது, குழாயில் நிரம்பி வால்வுக்கு வரும்.

உப்பு கரைக்கும் திரவங்கள் உதவும். ஆனால் வாரம் ஒரு முறை திரவம் போடுவதை விட ஒவ்வொரு முறையும் வெறும் நன்னீர் விடுவது மேல்.

ஹெடர் ஒழுங்காகக் குளிர்கிறதா என்று எப்படித் தெரியும்?

அகச்சிவப்பு வெப்பமானி வைத்து ஒவ்வொரு குழாயாகப் பாருங்கள். ஆனால் பளபளக்கும் ஸ்டெயின்லெஸ் மேல் அந்தக் கருவி பொய் சொல்லும். பளபளப்பு தன் சூட்டை வெளியிடாமல் சுற்றியிருப்பதைத்தான் காட்டும். 90 டிகிரி குழாயை 40 என்று காட்டக்கூடும். ஒவ்வொரு குழாயிலும் ஒரே இடத்தில் கருப்புப் பெயின்ட்டால் ஒரு ரூபாய் அளவு பொட்டு வைத்து அதன் மேல் அளங்கள்.

எட்டுப் பொட்டுகளும் நெருக்கமாக இருக்க வேண்டும். ஒன்று மட்டும் 15 டிகிரிக்கு மேல் ஏறினால் அங்கே அடைப்பு. ஹவாசு போன்ற மணல் கரைகளில் ஆழமில்லாத இடத்தில் என்ஜின் ஓட்டியவர்களுக்கு உறையின் அடியில் மணல் படிந்திருக்கும். இம்பெல்லரின் இறகு உடைந்திருந்தால் அந்தத் துண்டுகளும் ஹெடர் நுழைவு ஃபிட்டிங்கில்தான் போய்ச் சிக்கும். இம்பெல்லர் மாற்றும்போது இறகுகளை எண்ணுங்கள். காணாத ஒவ்வொரு துண்டையும் தேடி எடுக்கும்வரை வேலை முடியவில்லை.

உறை போட்ட ஹெடரின் வெளிப்புறம் எங்காவது வைக்கோல் நிறமோ நீலமோ ஏறியிருந்தால் அந்த இடத்தில் தண்ணீர் இல்லாமல் ஓடியிருக்கிறது. தேய்த்துப் பளபளப்பாக்கினால் அடையாளம்தான் போகும்.

விரிசல் எங்கே விழும்? பற்றவைத்துக் கொள்ளலாமா?

உள்குழாயும் வெளி உறையும் சந்திக்கும் வெல்டில், அதிலும் ஃபிளாஞ்சுக்குப் பக்கத்தில். 300 மி.மீ நீளமுள்ள உள்குழாய் உறையை விட 300 டிகிரி அதிகம் சூடானால் 1.5 மி.மீ நீள முயலும். உறை விடாது. தண்ணீர் ஒழுங்காக ஓடினால் இவ்வளவு வித்தியாசம் வராது. ஒரு நிமிடம் நின்று, திரும்பக் குளிர்ந்த நீர் பாயும்போதுதான் வெல்டு கிழிகிறது. வெளி விரிசல் சொட்டும், தெரிந்துவிடும். உள் விரிசல் தெரியாது, சிலிண்டருக்குள் சொட்டும்.

ஆண்டுக்கு ஒரு முறை, கடலில் ஓடினால் இரண்டு முறை, கழற்றி அழுத்தச் சோதனை செய்யுங்கள். நுழைவுகளையும் வெளியேற்றங்களையும் அடைத்து, தயாரிப்பாளரின் எல்லைக்குள், பொதுவாக 15 பிஎஸ்ஐ காற்று ஏற்றி, வெதுவெதுப்பான தண்ணீரில் அமிழ்த்துங்கள். குளிர்ந்த உலோகத்தில் மூடிக்கிடக்கும் மயிரிழை விரிசல் சூட்டில் வாய் திறக்கும். 15 நிமிடம் முள் அசையக் கூடாது. குமிழி குழாய்க்குள்ளிருந்து வந்தால் உள் விரிசல்.

பற்றவைக்கலாம், ஆனால் தெரிந்தவரிடம் மட்டும். டிக் வெல்டிங், 316எல் கம்பி, குழாயின் உட்புறத்திலும் ஆர்கான். உள்ளே ஆர்கான் இல்லாமல் செய்த வெல்டின் பின்புறம் சர்க்கரைக் கட்டிபோல் கருத்துச் சொரசொரப்பாக இருக்கும். அது மறு விரிசலின் விதை. விரிசலின் இரு முனைகளிலும் சிறு துளையிட்டு நிறுத்த வேண்டும், உறையிலுள்ள உப்பை முதலில் கழுவி எடுக்க வேண்டும். முடிந்ததும் பிக்ளிங் பேஸ்ட் (வெல்டின் கருமையை நீக்கும் அமிலப் பசை), பிறகு ஃபிளாஞ்ச் சமன் சோதனை, மறுபடி அழுத்தச் சோதனை. ஒரே இடம் இரண்டாம் முறை விரிந்தால் மாற்றிவிடுங்கள்.

சிலிண்டருக்குள் தண்ணீர் போய்விட்டது. இப்போது என்ன?

ஸ்டார்ட்டரைத் திரும்பத் திரும்ப அழுத்தாதீர்கள். தண்ணீர் அமுங்காது, கனெக்டிங் ராடு வளையும். எல்லா பிளக்குகளையும் கழற்றி, இக்னிஷனைத் துண்டித்துவிட்டு, சிறு சிறு தவணையாகச் சுற்றி வெளியேற்றுங்கள். பிளக் துளையிலிருந்து முகத்தை விலக்கி நில்லுங்கள். ஒவ்வொரு சிலிண்டரிலும் ஃபாகிங் ஆயில் (துருவைத் தடுக்கும் எண்ணெய்). ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றி, முடிந்தால் அன்றே ஓட்டிச் சூடாக்கி, பால் நிறம் போகும் வரை மீண்டும் மாற்றுங்கள். உப்புநீர் என்றால் நாளைக்கு என்று தள்ளிவைக்கவே கூடாது; மறுநாள் காலையில் சிலிண்டர் சுவரில் துரு இருக்கும்.

ஓடத் தொடங்கிய பிறகு காரணத்தைக் கண்டுபிடிக்காமல் தண்ணீருக்குத் திரும்பாதீர்கள்.

பழைய ஹெடர் வாங்கலாமா?

கண்முன்னே அழுத்தச் சோதனை செய்து காட்டினால் மட்டும். போர்ஸ்கோப்பை (குழாய்க்குள் பார்க்கும் சிறு கேமரா) உள்ளே விட்டு வாசல் பகுதியைப் பாருங்கள். புதிதாகப் பாலிஷ் போட்டு விற்பதை இன்னும் கவனமாகப் பாருங்கள்.

வெப்பத் துணி சுற்றலாமா?

வேண்டாம். ஈரத்தையும் உப்பையும் பிடித்து வைத்துக்கொண்டு ஸ்டெயின்லெஸ்ஸை அடியிலிருந்து தின்றுவிடும். உலர் ஹெடருக்குச் சூடு குறைய வேண்டுமென்றால் செராமிக் பூச்சு.

சத்தமும் சட்டமும்?

கலிஃபோர்னியாவில் நிறுத்தி வைத்து அளக்கும் எஸ்ஏஇ ஜே2005 முறைப்படி, 1993-க்கு முன் செய்த என்ஜினுக்கு 90 டெசிபல், பின் செய்ததற்கு 88. கரையிலிருந்து அளக்கும் ஜே1970 முறைப்படி 75. மற்ற மாநிலங்களில் எண் மாறும். உலர் டெயில் பைப்பில் தண்ணீர் கடைசியில்தான் சேர்வதால் சத்தம் கூடும். சைலன்சர் முனைக்கு இடம் விட்டு வாங்குங்கள்.

இன்னொன்று முக்கியம். அமெரிக்காவில் 2010 மாடல் ஆண்டு முதல் 500 குதிரைத்திறனுக்கு உட்பட்ட ஸ்டெர்ன் டிரைவ், இன்போர்டு (படகுக்குள் பொருத்திய) பெட்ரோல் என்ஜின்கள் பெரும்பாலும் கேட்டலிஸ்ட்டோடு (புகையைச் சுத்தப்படுத்தும் கருவி) வருகின்றன. அதைக் கழற்றி ஹெடர் மாட்டுவது சட்டவிரோதம்.

கார்பன் மோனாக்சைடு பற்றி?

காஸ்கெட் ஓரத்தில் கருப்புப் புகைக்கறை கோடு போட்டிருந்தால், விஷவாயு என்ஜின் அறைக்குள் கசிகிறது; அங்கிருந்து கேபினுக்கு வழி இருக்கிறது. போல்ட்டை இறுக்கி மறந்துவிடாமல் காஸ்கெட்டை மாற்றுங்கள். கேபின் இருந்தால் எச்சரிக்கைக் கருவி கட்டாயம். என்ஜின் ஓடும்போது, ஐடிலில்கூட, பின் மேடையில் யாரும் உட்காரவோ பக்கத்தில் நீந்தவோ விடாதீர்கள். வாசனை இல்லாத வாயு அது. மயங்கியவர் நேரே தண்ணீரில் விழுவார்.

குளிர்காலத்தில் நிறுத்திவைக்கும்போது?

ஒவ்வொரு ஹெடரின் அடியிலும் வடிகால் பிளக் இருக்கும். கழற்றினால் தண்ணீர் வரவில்லை என்றால் காலி என்று முடிவு செய்யாதீர்கள். மணலும் செதிலும் துளையை அடைத்திருக்கும். ஒரு கம்பியை உள்ளே விட்டுக் குத்துங்கள், பெரும்பாலும் அப்போதுதான் ஒரு குவளை தண்ணீர் பீறிட்டு வரும். வடித்த பின் புரொப்பிலின் கிளைக்கால் ஆன்டிஃப்ரீஸ் ஊற்றி, அதே நிறத்தில் மறுமுனையில் வரும் வரை விடுங்கள். டெயில் பைப் முனைகளைத் துணி வைத்து அடைத்து, ஸ்டியரிங்கில் ஒரு சிவப்பு நாடா கட்டிவிடுங்கள், வசந்தத்தில் துணியோடு ஸ்டார்ட் செய்யாமலிருக்க.